ஸ்பீக்கர் கேட்கும் கரண்ட்: பாலக்காட்டுக் கணவாய் வீடுகளுக்கு ஐந்து ஆம்ப்கள்

கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ கடை ஏறி லட்சக்கணக்கில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியவர் அடுத்து ஆம்ப்ளிஃபையரைப் பற்றிக் கேட்பது, "இதுக்கு எத்தனை வாட் ஆம்ப் போடணும்?" கடைக்காரரும் சளைக்காமல் ஒரு எண்ணைச் சொல்வார். அது பெட்டியில் அச்சடித்திருக்கும் 8 ஓம் எண் (ஓம் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு). ஸ்பீக்கரோ பாட்டு ஓடும்போது 8 ஓமில் நிற்பதே இல்லை. ஒரு சுருதியில் 30 ஓமுக்கு ஏறும், இன்னொன்றில் 3 ஓமுக்கு இறங்கும். பல மாடல்களில் அந்தப் பள்ளம் விழுவது 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை, அதாவது ஆண்குரலும் தாளவாத்தியமும் குடியிருக்கும் இடத்தில். அங்கே ஆம்ப் கரண்ட் கொடுக்கத் திணறினால், பெட்டியில் 100 வாட் என்று போட்டிருந்தும் மிருதங்கத்தின் தொப்பி பஞ்சு அடித்தாற்போல் கேட்கும்.

ஆகவே இங்கே ஆம்ப்களை வாட் வரிசையில் அடுக்கவில்லை. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கொல்லங்கோடு, எல்லையோரம் கோபாலபுரம், மீனாட்சிபுரம் வரை உள்ள வீடுகளில் பம்ப்செட்டோடு பங்குபோடும் கரண்ட், 40 டிகிரியைத் தொடும் மீனமாச (பங்குனி) வெயில், துலாமாத (ஐப்பசி) இடி, காற்றுத்துளை வழியே உள்ளே போகும் பல்லி எல்லாம் சேர்ந்துதான் ஆம்பின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. அவற்றையும் சேர்த்துத்தான் இந்த மதிப்பீடு.

முதலில் ஸ்பீக்கரின் தாள்

தாளில் பார்க்க வேண்டியவை சென்சிடிவிட்டியும் (கொடுத்த வோல்ட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) குறைந்தபட்ச ஓமும். "நாமினல்" என்று தலைப்பில் போடும் ஓமை மறந்துவிடலாம். கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டா 85 டெசிபல், நாமினல் 8 ஓம், ஆனால் குறைந்தபட்சம் 3.5. கேஇஎஃப் ஆர்3 மெட்டா 87 டெசிபல், நாமினல் 4, குறைந்தபட்சம் 3.2. பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 803 டி4 90 டெசிபல், நாமினல் 8 என்றுதான் போட்டிருக்கும், இறங்குவதோ 3 ஓமுக்கு. மூன்றுமே ஆம்புக்கு 4 ஓம் ஸ்பீக்கர்கள்தாம்.

சென்சிடிவிட்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்றைக்கு எல்லோரும் 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டரில் அளக்கிறார்கள். 8 ஓமில் 2.83 வோல்ட் என்றால் 1 வாட். 4 ஓமில் அதே வோல்ட் 2 வாட். ஆக ஆர்3 மெட்டாவின் 87 டெசிபல், வாட் கணக்கில் 84. எல்எஸ்50-ஐ விட இது ஆம்புக்கு இலகு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வோல்ட் குறைவாகக் கேட்கும், கரண்ட் கூடுதலாகக் கேட்கும்.

தாளில் வராத இன்னொன்று ஃபேஸ் கோணம். ஸ்பீக்கர் வெறும் ரெசிஸ்டர் அல்ல. வோல்ட் உச்சிக்குப் போகும் நேரத்துக்கு முன்னாலோ பின்னாலோ கரண்ட் உச்சிக்குப் போகும். அப்போது அவுட்புட் ட்ரான்சிஸ்டர் மேல் நிறைய வோல்ட் நிற்கும்போதே நிறைய கரண்டும் பாயும், அது மொத்தமும் சூடு. கணக்குப் போட்டால் 4 ஓமில் 45 டிகிரி கோணம் இருந்தால் ட்ரான்சிஸ்டருக்கு அது சுமார் 1.4 ஓம் போலத் தெரியும். 60 டிகிரி என்றால் 1.1. "8 ஓம் ஸ்பீக்கர்தானே, ஏன் ப்ரொடெக்‌ஷன் அடிக்குது?" என்று, ஆம்ப் தானே அணைந்து தன்னைக் காத்துக்கொள்ளும்போது எழும் கேள்விக்கு பாதி விடை இதில் இருக்கிறது. இம்பீடன்ஸ் (ஓம்), ஃபேஸ் இரண்டு கோடுகளையும் சொந்தமாக அளந்து அச்சிடும் பத்திரிகைகள் உண்டு, ஸ்டீரியோஃபைல் அதில் பழையது. வாங்கப் போகும் மாடலின் படத்தைத் தேடிப் பிடித்து, ஓம் தாழும் இடத்தில் ஃபேஸ் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் மோசமாக இருந்தால் பெரிய ஆம்ப் வேண்டும். ஓம் தாழ்ந்தும் ஃபேஸ் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் பயமில்லை. மேக்னெபேன் போன்ற தகட்டு ஸ்பீக்கர்கள் அந்த ரகம்: 4 ஓம், சென்சிடிவிட்டி குறைவு, ஆனால் ஏறக்குறைய சுத்த ரெசிஸ்டர். கரண்ட் நிறைய வேண்டும், கோணத்தால் வரும் தொல்லை இல்லை.

வாட் கணக்கை ஒருமுறை போட்டுவிடலாம். எல்எஸ்50 மெட்டா 85 டெசிபல். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சாதாரண அறையில் சுமார் 6 குறையும், இரண்டு ஸ்பீக்கர் சேர்வதால் 3 கூடும். 1 வாட்டுக்கு காதில் 82. சராசரி 80 டெசிபலில் கேட்பவர் நன்றாகவே சத்தமாகக் கேட்பவர். நல்ல ரெக்கார்டிங்கில் உச்சம் அதற்கு மேல் 20 போகும், ஆக 100. 82-இலிருந்து 100-க்கு 18 டெசிபல், 63 வாட். இதே கணக்கில் 50 வாட் ஆம்பை மாற்றி 100 வாட் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். அதற்காகப் பணத்தை இரட்டிப்பாக்குவது வீண். 60-இலிருந்து 250-க்குப் போனால்தான் காதுக்கு வித்தியாசம் புரியும், எல்எஸ்50-யோ 100 வாட்டுக்கு மேல் பரிந்துரைக்கப்படவே இல்லை.

மறுபக்கம் கிளிப்ஷ் ஹெரசி 4, 99 டெசிபல் என்கிறார்கள். அளக்கும் முறையால் அது சற்றுத் தாராளமான எண். 4 கழித்துக்கொண்டாலும் அதே 100 டெசிபலுக்கு 6 வாட் போதும். இதற்கு 300 வாட் ஆம்ப் கட்டினால் கேட்கப் போவது பாட்டு இல்லாத நேரத்தில் ட்வீட்டரில் வரும் "ஸ்ஸ்ஸ்" இரைச்சலைத்தான். இங்கே தேடவேண்டியது இரைச்சல் குறைந்த, கெயின் (சிக்னலைப் பெருக்கும் மடங்கு) குறைந்த ஆம்ப்.

செண்டைமேளம், தாயம்பகை கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செண்டையின் கோல் விழும் நொடியில் சராசரிக்கு மேல் 20 டெசிபலுக்குச் சுருங்காத ரெக்கார்டிங் கிடைத்தால் மேலே சொன்ன கணக்கில் இன்னொரு 3 சேர்த்துக்கொள்ளுங்கள். செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர் காலத்துக் கச்சேரிப் பதிவுகள்தான் வீட்டில் ஓடும் என்றால் 3 கழித்தே விடலாம். அந்த டேப்புகளில் உச்சமும் கிடையாது, 40 ஹெர்ட்ஸும் கிடையாது.

பெட்டியில் எதைப் படிப்பது

8 ஓமில் 100, 4 ஓமில் 200 என்று சரியாக இரட்டிக்கும் ஆம்ப் நல்ல ஆம்ப் என்ற பேச்சு உண்டு. பாதி உண்மை. ட்ரான்ஸ்ஃபார்மரும் கெபாசிட்டரும் தளராமல் நின்றால்தான் இரட்டிக்கும் என்பது சரி. ஆனால் 8 ஓமில் 130 தரக்கூடியதை 100 என்று அடக்கிப் போட்டும் இரட்டிப்பைக் காட்டலாம். 4 ஓமில் 1.6 அல்லது 1.7 மடங்கு வந்தாலே நல்ல பவர் சப்ளை. 4 ஓம் எண்ணையே போடாத ஆம்ப், "6 ஓமில் 1 கிலோஹெர்ட்ஸில் 10 சதவீத டிஸ்டார்ஷனில்" என்று போடும் ஆம்ப் இரண்டையும் இந்த வகை ஸ்பீக்கருக்குத் தொடவேண்டாம்.

டேம்பிங் ஃபேக்டர் (8 ஓமை ஆம்பின் சொந்த அவுட்புட் ஓமால் வகுத்த எண்) 4000 என்று போட்டிருந்தால் மயங்க வேண்டியதில்லை. 100 என்றாலே ஆம்பின் அவுட்புட் 0.08 ஓம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் 3 மீட்டர் ஓடினால் போய்வர 6 மீட்டர், 0.04 ஓம் அதிலேயே போய்விடும். அதற்கப்புறம் கிராஸ்ஓவர் காயில், அதற்கப்புறம் வூஃபரின் சொந்தக் கம்பியே 3 ஓமுக்கு மேல். 1 சதுர மில்லிமீட்டர் ஒயரை 10 மீட்டர் சுவரோரம் இழுத்தால் 0.34 ஓம், 4000 என்பது அந்த இடத்திலேயே செத்துப்போகும். பணத்தை வெள்ளிக் கேபிளில் போடுவதை விட ஒயரைத் தடிமனாக, நீளம் குறைவாக வைப்பது நல்லது. விதிவிலக்கு ஒன்று உண்டு: பழைய நெய்ம் ஆம்ப்களில் அவுட்புட் காயில் இல்லை, ஸ்பீக்கர் கேபிளின் இண்டக்டன்ஸை நம்பித்தான் சர்க்யூட் அமைத்தார்கள். அவற்றுக்கு நிறுவனம் சொல்லும் 3.5 மீட்டருக்குக் குறையாத கேபிள் போடவேண்டும், கெபாசிட்டன்ஸ் கூடிய "ஆடியோ கிரேட்" கேபிள் போட்டால் ஆம்ப் ஆசிலேட் ஆகும்.

சில ஆம்ப்களின் பின்பக்கம் "8 ஓம் / 4 ஓம்" ஸ்விட்ச் இருக்கும். 4-க்குத் தள்ளினால் உள்ளே வோல்ட் குறையும், சூடு குறையும், கூடவே வாட்டும் குறையும். நல்ல காற்றோட்டத்தில் வைத்து, வீட்டுச் சத்தத்தில் கேட்பவர்கள் 8-லேயே விடலாம். கல்யாண வீடு போல மணிக்கணக்கில் அலறவிடுபவர்களுக்குத்தான் 4.

ஐந்து ஆம்ப்கள்

யமஹா ஏ-எஸ்1200. 8 ஓமில் 90, 4 ஓமில் 150 வாட், 22 கிலோ. டாராய்டல் ட்ரான்ஸ்ஃபார்மர், டோன் கண்ட்ரோல், எம்எம்-எம்சி இரண்டு வகை இசைத்தட்டு ஊசிக்கும் ஃபோனோ. டாக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக்கும் பகுதி) கிடையாது, அது நல்லதற்கே: டாக் மூன்று வருஷத்தில் பழசாகும், இந்த ஆம்ப் இருபது வருஷம் ஓடும். எல்எஸ்50 மெட்டா, ஆர்3 மெட்டா, ஹார்பெத் பி3ஈஎஸ்ஆர் இவற்றுக்குத் தேவைக்குச் சரி. ஹார்பெத் 83.5 டெசிபல்தான், ஆனால் 6 ஓமில் சாதுவாக நிற்கும். பின்னால் ஏ, பி என்று இரண்டு ஜோடி டெர்மினல் இருப்பதைப் பார்த்து 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு ஜோடியைச் சேர்த்து ஓட்டாதீர்கள். அப்படி ஓட்ட ஒவ்வொன்றும் 8 ஓம் இருக்கவேண்டும். 803 டி4-க்கு இது போதாது. பாடும், ஆனால் சத்தம் கூட்டினால் கீழ்ப்பகுதி தளர்ந்துபோகும்.

ஹெகல் எச்190. நார்வேக்காரர்களுடையது, 8 ஓமில் 150 வாட், 2 ஓம் வரை தாங்கும் என்று நிறுவனமே எழுதிக் கொடுக்கிறது. எல்எஸ்50, ஆர்3, 803 மூன்றில் எதைக் கட்டினாலும் ஓட்டக்கூடிய ஒற்றைப் பெட்டி வேண்டும் என்றால் பட்டியலில் இதுதான் முதல். டேம்பிங் ஃபேக்டர் 4000-க்கு மேல் என்பதைப் பொருட்படுத்த வேண்டாம், 2 ஓம் என்ற உறுதிமொழிதான் விலை கொடுக்கத் தகுந்த விஷயம். டாக்கும் நெட்வொர்க்கும் உள்ளேயே. டோன் கண்ட்ரோலும் ஃபோனோவும் இல்லை. நம் பக்கத்துக்கு இதன் பலவீனம் லேன் போர்ட். அதை இடிப் பகுதியில் சொல்கிறேன்.

என்ஏடி சி 298. ப்யூரிஃபையின் ஐகன்டாக்ட் கிளாஸ் டி (ட்ரான்சிஸ்டரை வேகமாக ஆன்-ஆஃப் செய்து பெருக்கும் முறை), 8 ஓமில் 185, 4 ஓமில் 340 வாட். எடை 11 கிலோவைச் சுற்றி. கிளாஸ் டி என்றாலே ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ட்ரெபிள் மாறும் என்ற பழைய குறை, அவுட்புட் ஃபில்டருக்கு முன்னாலேயே ஃபீட்பேக் எடுத்த பழைய டிசைன்களுக்குப் பொருந்தும். ப்யூரிஃபை, ஹைபெக்ஸ் என்கோர் இரண்டும் ஃபில்டருக்குப் பின்னாலிருந்து எடுக்கின்றன, 3 ஓமிலும் 30 ஓமிலும் ஒரே வளைவு. சூடே ஆகாது, மீனமாசம் மூடிய அலமாரியில்கூடப் பிழைக்கும் (வைக்கச் சொல்லவில்லை). இது பவர் ஆம்ப் மட்டும்; ப்ரீ ஆம்போ வால்யூம் உள்ள டாக்கோ தனியாக வேண்டும். கெயினை மூன்று நிலையில் மாற்றலாம், சென்சிடிவிட்டி கூடிய ஸ்பீக்கருக்கு அது பெரிய வசதி. "உயிரில்லாத ஒலி" என்பவர்களுக்கு, சத்தத்தைச் சமமாக்கி மறைத்து வைத்துக் கேட்கச் சொல்வதைத் தவிர பதில் இல்லை. உண்மையான குறை ரிப்பேர்: போர்டு முழுக்க எஸ்எம்டி (பலகையோடு ஒட்டிய குட்டிப் பாகங்கள்), உள்ளூர் மெக்கானிக் கைவைக்க முடியாது, மாட்யூலையே மாற்றவேண்டும்.

பாராசவுண்ட் ஹேலோ ஏ 21+. ஜான் கர்லின் டிசைன், 8 ஓமில் 300, 4 ஓமில் 500 வாட். முப்பது கிலோவுக்கு மேல் எடை. 803 டி4, மேக்னெபேன் இரண்டுக்கும் இந்தப் பட்டியலில் உள்ள நிம்மதியான ஜோடி இதுதான். ஹெரசிக்குத் தேவையே இல்லை. மச்சு வீட்டில் மாடியில் மரத்தட்டின் மேல் வைப்பதானால் சுவரோரம் வையுங்கள். பின்னால் பிரிட்ஜ் ஸ்விட்ச் இருக்கிறது, இரண்டு வாங்கி மோனோவாக்கினால் 1000 வாட் என்று ஆசைகாட்டுவார்கள். பிரிட்ஜ் செய்தால் ஒவ்வொரு சானலுக்கும் ஸ்பீக்கரின் ஓம் பாதியாகத் தெரியும். 3 ஓம் பள்ளம் 1.5 ஆகும். 803-ஐ பிரிட்ஜில் ஓட்டாதீர்கள்.

பாஸ் லேப்ஸ் எக்ஸ்ஏ25. நெல்சன் பாஸின் கிளாஸ் ஏ (ட்ரான்சிஸ்டரில் எந்நேரமும் கரண்ட் ஓடும் முறை), 8 ஓமில் 25, 4 ஓமில் 50 வாட். 25 என்பது கிளாஸ் ஏ எல்லை. அதைத் தாண்டியும் நிறையவே கொடுக்கும், திடீரென்று வெட்டாது. ஹெரசியோடு சேர்த்தால் இந்தப் பட்டியலில் இதைவிட இனிமையான ஜோடி இல்லை என்பது என் தீர்ப்பு. எல்எஸ்50-க்கும் பக்கத்தில் உட்கார்ந்து அளவாகக் கேட்பவருக்குப் பொருந்தும். கெயின் 20 டெசிபல்தான்: 2 வோல்ட் தரும் டாக் நேராகக் கொடுத்தால் 20 வோல்ட் வெளியே வரும், சரியாக இருக்கும். 1 வோல்ட் தரும் சோர்ஸ் என்றால் 10 வோல்ட், 12 வாட்டோடு நின்றுவிடும், நடுவில் கெயின் உள்ள ப்ரீ ஆம்ப் வேண்டும். ஆர்சிஏ மட்டும், எக்ஸ்எல்ஆர் இல்லை. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் 240 வாட் இழுக்கும்: தினம் 4 மணி நேரம் என்றால் மாதம் 29 யூனிட், கேஎஸ்இபியின் (கேரள மின்வாரியம்) இரண்டு மாத பில்லில் 58. ஸ்லாப் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அது மொத்த பில்லையும் தூக்கிவிடும். அந்த 240 வாட் சூடும் அறைக்குள்தான், 1 டன் ஏசியின் திறனில் 7 சதவீதத்தை அது தின்னும். மாசி முதல் சித்திரை வரை சித்தூர் தாலூகாவில் ஏசி இல்லாத அறையில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி சூடு கூடினால் பாதியாகும் என்பது பழைய விதி. 30 டிகிரி அறைக்கும் 40 டிகிரி அறைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கரண்ட், எர்த், இடி, பல்லி

சாயங்காலம் தோட்டத்து போர்வெல்கள் ஓடும்போது வோல்ட் 200-க்கு இறங்கி, நள்ளிரவில் 245-க்கு ஏறும் வீடு என்று வையுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள கிளாஸ் ஏபி ஆம்பின் உள்வோல்ட் அதே விகிதத்தில் இறங்கும், வாட் அதன் வர்க்கத்தில். 230-இல் 100 வாட் தந்தது 200-இல் 76 வாட். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) உள்ள ஆம்பின் பின்பலகையில் 100–240 என்று போட்டிருந்தால் பெரிதாகப் பாதிக்காது. 230 என்று ஒற்றை எண் மட்டும் இருந்தால் எஸ்எம்பிஎஸ் என்பதற்காக நம்பிவிட வேண்டாம்.

ஸ்டெபிலைசர் போடுவதானால் சர்வோ, 2 அல்லது 3 கேவிஏ, அறைக்கு வெளியே. ஃப்ரிட்ஜுக்கு வாங்கும் ரிலே ஸ்டெபிலைசர் படிப்படியாகத் தாவும், ஒவ்வொரு தாவலிலும் "டக்" என்று ஸ்பீக்கரில் வரும். சதுர அலை இன்வெர்ட்டரில் ட்ரான்ஸ்ஃபார்மர் ஆம்ப் உறுமும், சூடாகும். ஆம்பின் ப்ளக் பாயின்ட்டை இன்வெர்ட்டர் லைனிலிருந்து எலெக்ட்ரிஷியனிடம் சொல்லிப் பிரித்துவிடுங்கள்.

பெரிய டாராய்டல் ஆம்பைப் போட்டதும் எம்சிபி (ட்ரிப் ஸ்விட்ச்) விழுகிறது என்றால் ஆம்பில் கோளாறு இல்லை. ட்ரான்ஸ்ஃபார்மர் முதல் சில அலைகளில் இழுக்கும் கரண்டுக்கு பி வகை எம்சிபி தாங்காது. டிபியிலிருந்து (வீட்டுக்குக் கரண்ட் பிரியும் பெட்டி) 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், சி வகை எம்சிபி. விழுவது எம்சிபி அல்ல, இஎல்சிபி என்றால் கதை வேறு, எங்கோ எர்த்துக்கு லீக் இருக்கிறது. அதை பைபாஸ் செய்யாமல் ஒவ்வொரு கருவியாகக் கழற்றிப் பாருங்கள்.

எர்த் விஷயத்தில் கணவாயின் கிழக்கும் மேற்கும் ஒன்றல்ல. கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் கரிசல், ஈரம் இருக்கும்வரை எர்த் நன்றாகப் பிடிக்கும். கோடையில் மண் வெடித்து எர்த் ராடைச் சுற்றி இடைவெளி விழுந்துவிடும். மேற்கே வெட்டுக்கல் பூமியில் ரெசிஸ்டன்ஸ் எப்போதுமே கூடுதல். இரண்டுக்கும் மருந்து ஒன்று: குழியில் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றுவது, வருஷம் ஒருமுறை எர்த் மெக்கரால் அளப்பது. "ஹம்" கேட்கிறது என்று ஆம்பின் எர்த் பின்னைப் பிடுங்கும் வழக்கம் ஆபத்தானது. ஹம்முக்குக் காரணம் பெரும்பாலும் செட்டாப் பாக்ஸின் கேபிள் வழியே வரும் இரண்டாவது எர்த். டிவி கேபிளைக் கழற்றியதும் ஹம் நின்றால் அங்கே ஒரு ஐசொலேட்டர் போட்டால் முடிந்தது.

இடிக்கு டிபியில் டைப் 2 எஸ்பிடி (திடீர் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் கருவி) போடுங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். சித்திரை வைகாசி மாலைகளிலும் துலாவர்ஷத்திலும் மேகம் கறுத்ததும் ப்ளக்கைக் கழற்றுவதுதான் பாதுகாப்பு. ஸ்விட்ச் ஆஃப் செய்வது போதாது. ஹெகல் போல நெட்வொர்க் உள்ள ஆம்பில் லேன் ஒயரையும் கழற்றவேண்டும். கரண்ட் லைனைக் கழற்றிவிட்டு இன்டர்நெட் லைனை விட்டால் இடி அந்த வழியாக வந்து டாக் போர்டைக் கொண்டுபோகும். வைஃபையில் ஓட்ட முடிந்தால் லேன் போர்ட்டைத் தொடவே வேண்டாம்.

பல்லி சிரிப்பு விஷயம் இல்லை. ஸ்டாண்ட்பையில் வெதுவெதுப்பாக இருக்கும் பெட்டி அதற்கு இதமான வீடு. பவர் சப்ளையின் இரண்டு முனைக்கு நடுவே விழுந்தால் ஃப்யூஸ், ரெக்டிஃபையர், சில சமயம் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் வரை போகும். இந்த மாதிரி சேதத்தை வாரண்டி பெரும்பாலும் ஏற்பதில்லை. கொசுவலையைப் பெட்டியின் துளையில் ஒட்டினால் காற்று அடைபடும். பெட்டியைச் சுற்றி நாலு பக்கமும் 10 சென்டிமீட்டர் இடம் விட்டு, ரேக்கின் திறந்த பக்கங்களில் வலைச் சட்டம் அடிப்பது மேல்.

அறை பற்றி சுருக்கமாக. ஓட்டு வீட்டில் பேஸ் கூரை வழியே வெளியே போய்விடும், ஆம்பில் கொஞ்சம் கூடுதல் இருப்பு வேண்டும். 14 அடி நீள கான்கிரீட் அறையில் 40 ஹெர்ட்ஸ் தேங்கி நிற்கும். அதை எந்த ஆம்பும் சரிசெய்யாது, ஸ்பீக்கரை அரை அடி நகர்த்தினால் ஓரளவு சரியாகும்.

கடையில் கேட்கும்போது

இரண்டு ஆம்பில் கொஞ்சம் சத்தமானது எப்போதும் நன்றாகவே கேட்கும். அதனால் மல்ட்டிமீட்டர் கொண்டுபோங்கள். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஃபோனில் வைத்து ஓட்டி, ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட்டை இரண்டு ஆம்பிலும் 1 சதவீதத்துக்குள் சமமாக்குங்கள். மலிவு மீட்டர்கள் 1 கிலோஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டும், அதனால்தான் 100. சமமாக்கிய பிறகும் வித்தியாசம் தெரிந்தால், சத்தத்தைக் கூட்டினால் தெரிகிறதா, மெதுவாக வைத்தாலும் தெரிகிறதா என்று பிரித்துப் பாருங்கள். கூட்டினால் மட்டும் என்றால் கரண்ட் போதவில்லை. மெதுவாக வைத்தபோதும் என்றால், எங்கோ டோன் கண்ட்ரோலோ லவுட்னஸோ ஆன் ஆகி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கடையின் கேட்பறையில் 25 டிகிரி ஏசி, வீட்டில் அப்படி இருக்காது. வீட்டுக்குக் கொடுத்து இரண்டு நாள் கேட்கவிடும் கடைக்கு விலையில் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

கல்ஃபிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் பழையவை

இந்தப் பக்கம் நல்ல ஆம்ப்கள் பாதிக்கு மேல் கைமாறி வருபவைதான். கல்ஃபில் வாங்கியது 220–240 வோல்ட், அப்படியே ஓடும்; இந்திய வாரண்டி இருக்காது என்பதை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

வாங்குமுன் ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்து, பத்து நிமிடம் சூடேறவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் டிசி மில்லிவோல்ட் பாருங்கள். 20-க்குள் இருந்தால் நன்று, 50-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது, ஏறிக்கொண்டே போனால் விட்டுவிடுங்கள். ஆன் செய்து சில நொடியில் ரிலே "கிளிக்" என்று விழவேண்டும். வால்யூம் மிக மெதுவாக இருக்கும்போது ஒரு சானல் கரகரத்து, கூட்டியதும் சரியானால் ரிலே காண்டாக்ட் கறுத்துவிட்டது. ஈரக்காற்றில் இது சகஜம், புது ரிலே மலிவு. இரண்டு ஹீட் சிங்கிலும் கைவைத்துப் பாருங்கள், ஒன்று கொதித்து ஒன்று ஜில்லென்றிருந்தால் ஒரு பக்கத்து பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் ட்ரான்சிஸ்டரில் ஓடும் கரண்ட்) போய்விட்டது.

மூடியைத் திறக்க விடுவார்கள் என்றால் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே வருஷத்து எழுத்து, ஒரே அச்சு என்றால் ஒரிஜினல். ஒன்றிரண்டு மட்டும் பளபளத்தால் ஒருமுறை வெடித்து மாற்றியது. 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியில் போலி ஏராளம். ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் கொச்சி பள்ளிமுக்கானாலும் விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் உள்ளே சிறிய சில்லுதான் இருக்கும், வீட்டுச் சத்தத்தில் ஓடும், 3 ஓம் ஸ்பீக்கர் கட்டிய அன்றைக்கு வெடிக்கும். மெக்கானிக்கிடம் பில்லோடு வரும் பெரிய டிஸ்ட்ரிபியூட்டர் சரக்கைத்தான் போடச் சொல்லவேண்டும்.

ஜப்பான் உள்நாட்டு மாடல்களில் பின்பலகை 100 வோல்ட் என்று சொல்லும். இவற்றுக்கு அமெரிக்கச் சாமானுக்கு விற்கும் 110 வோல்ட் ஸ்டெப்டவுன் போட்டால் 10 சதவீதம் கூடுதல், நள்ளிரவு 245 வோல்ட்டில் அது 117. ஆம்ப் ஓடும், சூடும் பயாஸும் ஏறும், பழைய கெபாசிட்டர்கள் அவற்றின் வோல்ட் எல்லையை முட்டும். 230-க்கு 100 என்று சொல்லிச் சுற்றிய, தனித்தனிச் சுற்றுள்ள ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் அறுந்தால் 230-உம் நேரே ஆம்புக்குள் போகும். பின்பலகையில் போட்டிருக்கும் வாட்டுக்கு இருமடங்கு விஏ சொல்லிச் சுற்றவையுங்கள். முன்னால் சர்வோ, அதன் பின்னால் இந்த ட்ரான்ஸ்ஃபார்மர் என்ற வரிசையில் வைத்து, ஆம்பைச் சொருகுவதற்கு முன் நடு இரவில் ஒருமுறை வெளிவோல்ட்டை அளந்துகொள்ளுங்கள்.